வருஷக்கணக்கா ஷெட்ல நின்ன அம்பாஸடர்: கிளட்ச் ஒட்டிக்கிட்டா கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணுமா?

பொங்கல் லீவுக்கு பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோபிசெட்டிபாளையம் பக்கம் சொந்த ஊருக்கு வருகிறீர்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து ஷெட்டில் தாத்தா ஓட்டிய அம்பாஸடர் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, கொஞ்சம் மெனக்கெட்டதும் இன்ஜின் உயிர் வந்துவிடுகிறது. வீடே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கிறது. கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினால், கரகரவென்று ஒரு சத்தம். கியர் விழவில்லை. ரிவர்ஸும் விழவில்லை. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறது. கியரிலேயே வைத்து சாவியைத் திருப்பினால், கிளட்சை மிதித்திருந்தும் வண்டி முன்னால் துள்ளுகிறது.

"கிளட்ச் போச்சுங்க தம்பி. கியர்பாக்ஸை இறக்கோணும்" என்று யாராவது சொல்வார். அடுத்தவர், "இதுக்கு மேல செலவு பண்ணி என்னத்துக்குங்க, எடைக்குப் போட்டுடலாம்" என்பார். பல குடும்பக் கார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவது இந்த இடத்தில்தான். உண்மையில் பாதிக்கு மேல் ஜெயித்துவிட்ட நேரம் அது. ஓடாமல் நின்ற வண்டியின் கிளட்ச் பெரும்பாலும் 'போயிருக்காது', ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

நின்ற இடத்திலேயே எப்படி ஒட்டும்?

இன்ஜினின் பின்பக்கம் பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அதற்கு எதிரே பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில், தோசைக்கல் அளவில் இருக்கும் கிளட்ச் பிளேட். இந்த பிளேட்டின் இரண்டு முகத்திலும் உராய்வுக்கான லைனிங் இருக்கும். நடுத்துளையில் இருக்கும் பல் வெட்டுகள் கியர்பாக்ஸின் ஷாஃப்டில் கோத்திருக்கும். பெடலை மிதிக்காதபோது ஸ்பிரிங்குகள் இந்த மூன்றையும் பல நூறு கிலோ விசையில் ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கும். மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங் அழுத்தத்தை எடுத்துவிடும். அப்போது பிளேட்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு நூலிழை இடைவெளியில்தான் கியர் மாறுகிறது.

ஷெட்டில் நிற்கும் வண்டியில் யாரும் கிளட்ச் மிதிப்பதில்லை. அதாவது ஐந்து வருஷம் நின்றால், ஐந்து வருஷமும் பிளேட் அந்த அழுத்தத்திலேயே நசுங்கிக் கிடக்கிறது. பிளைவீலின் முகம் பெயின்ட்டும் எண்ணெயும் இல்லாத வெறும் வார்ப்பிரும்பு. எண்ணெய் இருக்கவும் கூடாது. லைனிங்கோ காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் பொருள். ஈரமும் வெறும் இரும்பும் சேர்ந்தால் துரு. துரு இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதால் லைனிங்கின் நுண்துளைகளுக்குள் புகுந்து பசை போட்டது போல இறுகிவிடும். அதற்குப் பிறகு பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் விலகும். கிளட்ச் பிளேட் மட்டும் பிளைவீலை விடாது.

கோபி மாதிரி ஊரில் இதற்கு வசதி அதிகம். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற நெல் வயல் பூமி இது. சினிமாக்காரர்கள் பச்சை தேடி வந்த அதே ஈரம், வயலை ஒட்டிய மண்தரை ஷெட்டில் நிற்கும் காரின் அடிவயிற்றுக்கும் போகிறது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். தார்ப்பாய் மழையைத்தான் தடுக்கும். தரையிலிருந்து எழும் ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இதைவிட மோசம், காரை நன்றாகக் கழுவி உடனே ஷெட்டில் விட்டுவிடுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைசியாக ஓட்டி அப்படியே நிறுத்தப்பட்ட வண்டியும் இதே ரகம்.

இது பழைய கார்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்கள், 2020 மார்ச் ஊரடங்கில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற கார்கள் என்று புது வண்டிகளுக்கும் இந்த ஆபத்து இருந்தது. பழைய வண்டிக்கு உள்ள கூடுதல் சிக்கல் உதிரிபாகம்தான். 1950-களின் பிற்பகுதியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து வந்த அம்பாஸடரின் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பாகம் தேடுவது தனி வேட்டை. நல்ல பாகத்தை உடைத்துவிட்டால் மாற்று கிடைப்பது லேசில்லை. ஒட்டிய கிளட்சைப் பொறுமையாக விடுவிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

முதலில் ஒட்டியது பிளேட்தானா என்று பாருங்கள்

கியர் விழாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே சல்லிசானவை. அதனால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியின் மாடலைப் பொறுத்து, பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே கேபிள், கம்பி இணைப்பு, ஹைட்ராலிக் என்று ஏதாவது ஒன்று இருக்கும். மாருதி 800-ல் கேபிள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஹைட்ராலிக். கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தால் பெடல் கல் மாதிரி இருக்கும், அல்லது மிதித்த பெடல் மேலே வராது. அதற்கு எண்ணெய் விட்டுப் போராடுவது வீண்வேலை, புது கேபிளே போட்டுவிடலாம்.

ஹைட்ராலிக் என்றால் பெடல் 'பொத்'தென்று தரைக்குப் போகும், இல்லாவிட்டால் பஞ்சு மாதிரி அமுங்கும். இதில் ஓடும் பிரேக் ஆயில், காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் மாஸ்டர் சிலிண்டரும் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரும் உள்ளுக்குள் அரித்துப்போய், ரப்பர் வாஷர்கள் கெட்டுவிடும். சிலிண்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, ரப்பர் கிட் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றெடுத்தால் பல நேரம் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அது பட்டால் ரப்பர்கள் உப்பிப்போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினாலும் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இந்த இரண்டும் இல்லை என்பதை எப்படி உறுதி செய்வது? ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச் ஃபோர்க் முழுதாக நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஃபோர்க் நகர்ந்தும் கியர் கரகரத்தால் சந்தேகம் பிளேட் மேல்தான்.

இதற்கு இன்ஜினைத் தொடாமலே செய்யும் ஒரு சோதனை உண்டு. இதை எல்லோரும் முதலில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சாவியைக் கையில் எடுத்துவிடுங்கள். சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள். உருண்டால் சரி. உருளவில்லை என்றால் பிரேக் ஷூவும் டிரம்மில் ஒட்டியிருக்கிறது, முதலில் அதைக் கவனியுங்கள். உருண்டது என்றால், இப்போது டாப் கியரில் போட்டு, ஒருவர் கிளட்சை முழுக்க மிதித்துக்கொள்ள, மறுபடி தள்ளுங்கள். நியூட்ரலில் உருண்டது போலவே உருண்டால் கிளட்ச் விடுகிறது. திமிறி, விட்டுவிட்டு நகர்ந்தால், நீங்கள் இன்ஜினையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். பிளேட் ஒட்டியிருக்கிறது.

முதல் கியர் கரகரப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பழைய அம்பாஸடரில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளட்ச் மிதித்த உடனே அவசரமாகத் தள்ளினால் நல்ல வண்டியே கத்தும்.

கிளட்ச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

நீண்ட நாள் நின்ற வண்டியில் கிளட்ச் மட்டும் தூங்குவதில்லை. பானெட்டைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். எலிக்கூடு இருந்தால் வயரிங் கடிபட்டிருக்கும். எலி இருந்த இடத்துக்குப் பாம்பு வந்திருக்கும். தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, நகரத்திலேயே வளர்ந்த தலைமுறைக்குச் சொல்கிறேன். பிறகு பழைய பெட்ரோலை வடித்து, இன்ஜின் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றி, பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பிரேக். இனி சொல்லப்போகும் வழிகளில் பாதிக்கு மேல், பிரேக் பிடித்தால்தான் செய்யக்கூடியவை. கிளட்ச் ஒட்டிய வண்டி என்பது, மிதித்தாலும் இன்ஜினைவிட்டுப் பிரியாத வண்டி. பிரேக்கும் இல்லை என்றால் நிறுத்த உங்களிடம் எதுவுமே இல்லை. ஷெட்டில் செல்ஃப் அடித்ததும் வண்டி துள்ளிச் சுவரில் மோதினால் பம்பரோடு போகும். முன்னால் நின்று வேடிக்கை பார்க்கிற குழந்தை இருந்தால்? வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

சூடு, கட்டை, பொறுமை

மென்மையான வழியிலிருந்து தொடங்குவோம். இதற்கு வேண்டியது ஒரு மரக்கட்டை.

வண்டியை ஷெட்டுக்கு வெளியே, திறந்த வெளிக்குத் தள்ளி வாருங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். நியூட்ரலில் இருபது, முப்பது நிமிஷம் ஓடவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்யுங்கள். இப்போது கிளட்ச் பெடலை முழுக்க அழுத்தி, சீட்டின் அடிப்பாகத்துக்கும் பெடலுக்கும் நடுவே அளவாக வெட்டிய கட்டையைக் கொடுத்து, அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். உள்ளே நடப்பது இதுதான்: பிரஷர் பிளேட்டின் பிடி விலகி நிற்கிறது, சூட்டில் ஈரம் காய்கிறது, பிளைவீலும் பிளேட்டும் வேறு வேறு வேகத்தில் ஆறிச் சுருங்குகின்றன. இந்தச் சின்ன இழுபறியிலேயே துருப்பிடிப்பு விட்டுக்கொடுக்க வாய்ப்பிருக்கிறது. காலையில் அந்தத் தள்ளும் சோதனையை மறுபடி செய்யுங்கள். விடவில்லை என்றால் இன்னொரு நாள், அதற்கும் அடுத்த நாள். பங்குனி, சித்திரை வெயில் இந்த வேலைக்கு நல்ல கூட்டாளி.

இன்ஜின் ஓடும்போதே பெடலுக்குக் கட்டை கொடுத்துவிட்டால் வேகமாக முடியுமே என்று தோன்றும். வேண்டாம். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பல பழைய கார்களில் ரிலீஸ் பேரிங் என்பது உருளைக் குண்டுகள் வைத்தது அல்ல, ஒரு கார்பன் வளையம். பெடலை மிதித்தபடி இன்ஜினை நெடுநேரம் ஓடவிட்டால் அந்தக் கார்பன் தேய்ந்துகொண்டே போகும். பிளேட்டைக் காப்பாற்றப் போய் பேரிங்கைத் தின்ற கதையாகிவிடும்.

அடுத்த படி, ஆட்டுவது. சாவி ஆஃபில்தான் இருக்க வேண்டும். டாப் கியர் போட்டு, பெடலுக்குக் கட்டை கொடுத்து, நாலு பேர் சேர்ந்து வண்டியை முன்னும் பின்னும் குலுக்கித் தள்ளுங்கள். ஏன் டாப் கியர்? முதல் கியரில் தள்ளினால் நீங்கள் கொடுக்கும் விசை கியர்பாக்ஸில் குறைந்துபோய்த்தான் கிளட்சுக்குப் போகும். டாப் கியரில் அது அதிகமாகப் போய்ச் சேரும். ஒரு குலுக்கலில் 'டப்'பென்று சத்தம் கேட்டு வண்டி லேசாக உருண்டால், வேலை முடிந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போது தள்ளுகிற நாலு பேருக்கும் வருகிற சந்தோஷம் தனி.

கீழே தகட்டு மூடி வைத்த மாடல்களில் பிளைவீல் கண்ணுக்குத் தெரியும். அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் மெல்லிய தகட்டை லைனிங் ஓரத்தில் நுழைத்து, இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நெம்பி எடுப்பதும் உண்டு. அவசரப்பட்டால் லைனிங் பெயர்ந்துவிடும். இதை நீங்களே முயற்சிப்பதைவிட, தெரிந்தவரை விட்டுச் செய்வது நல்லது.

செல்ஃப் அடித்து விடுவிப்பது

இது அடுத்த கட்டம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று உறுதியான பிறகே செய்ய வேண்டும். நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒருவர் பிரேக்கையும் கிளட்சையும் முழுக்க மிதித்துக்கொள்ள வேண்டும். டாப் கியர். இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, வெறும் சுற்று மட்டும்தான். இப்போது செல்ஃபை ஒரு நொடி, இரண்டு நொடி என்று சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். பிடித்து வைத்திருக்கும் சக்கரத்துக்கும் சுற்றப் பார்க்கும் பிளைவீலுக்கும் நடுவில் மாட்டிய பிளேட் திருகுப்பட்டு விடக்கூடும். டாப் கியரில் பிரேக் எளிதாகத் தாங்கும். முதல் கியரில் செல்ஃபே வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். நாலைந்து தட்டலில் விடவில்லை என்றால் நிறுத்துங்கள், செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் பழசு.

ஓட்டியே விடுவிப்பது

பழைய டிரைவர்கள் அதிகம் சொல்வது இந்த வழியைத்தான். சூடான இன்ஜினை ஆஃப் செய்து, இரண்டாவது கியரில் போட்டு, கியரிலேயே செல்ஃப் அடித்துக் கிளப்புவது. வண்டி நகர்ந்துகொண்டே ஸ்டார்ட் ஆகும். பிறகு கிளட்சை முழுக்க மிதித்தபடி, மெதுவான வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஓட்ட வேண்டும். இன்ஜின் வண்டியைத் தள்ளுவதும், வண்டி இன்ஜினைத் தள்ளுவதுமாக மாறி மாறி வரும் அதிர்வில் பிளேட் விடும். விட்டதும் இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறும். உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் ஆக்ஸிலேட்டரை விட்ட நொடியில் கியரை நியூட்ரலுக்கு இழுங்கள். வரவில்லை என்றால் சாவியை ஆஃப் செய்து பிரேக் அடியுங்கள். ஸ்டீயரிங் லாக் உள்ள வண்டி என்றால் சாவியை 'ஆஃப்' வரைக்கும்தான் திருப்ப வேண்டும், உருவிவிடக் கூடாது.

எங்கே ஓட்டுவது? அறுவடை முடிந்த பெரிய களம், காலி மைதானம். வாய்க்கால் கரை வேண்டாம், கிணற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம். பொதுச் சாலையும் கூடாது. காரணம் வெறும் பயம் இல்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். வருஷக்கணக்காக நின்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் காலாவதியாகித்தான் இருக்கும். விபத்து நடந்தால் முழு இழப்பீடும் உங்கள் தலையில்.

வீடியோக்களில் இதன் முரட்டு வடிவங்கள் சுற்றுகின்றன. பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் இன்ஜினை விரட்டி, திடீரென்று பிரேக்கில் ஏறி நிற்பது. இல்லாவிட்டால் வேகமாக ஓட்டி ஒரே அடியாக பிரேக் போடுவது. வேலை செய்யுமா என்றால், சில நேரம் செய்யும். ஆக்சில் ஷாஃப்ட் முறிவதும், கியர் பல் பெயர்வதும், கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிரிங்குகள் சிதறுவதும் அதே வழியில்தான் நடக்கும். ஜாக்கியிலிருந்து வண்டி நழுவினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட்டை மாற்றிவிடலாம், ஹெரால்டு ஆக்சிலுக்கு எங்கே போவது? இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டபிள்யூ.டி.-40 அடிச்சா விட்டுடாதா?

இறுகிய நட்டுக்கு அது மருந்து. கிளட்ச்சுக்கு விஷம். லைனிங் உராய்வினால் வேலை செய்கிற பொருள். அதில் எண்ணெய்ப் பசை ஊறினால் ஒட்டியது விட்டாலும் அப்புறம் பிடிக்காது. ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. மண்ணெண்ணெய், டீசல் ஊற்றுவதும் இதே கதைதான். பெட்ரோலை ஊற்றிவிட்டு செல்ஃப் அடிப்பவர்கள் தீயணைப்பு வண்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

விட்டுவிட்டது, இனி?

முதல் சில கிலோமீட்டருக்கு லேசான உதறல் இருக்கும். முகத்தில் இருந்த துரு உதிர்ந்து தேய்கிற வரைக்கும் அப்படித்தான். மெதுவாகக் கிளம்பி, நிறுத்தி, மறுபடி கிளம்பிப் பழக்குங்கள். உதறல் நாளாக நாளாகக் குறையாமல் அப்படியே இருந்தால், லைனிங் துண்டு பெயர்ந்திருக்கலாம். ஏற்றத்தில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. விட்ட சந்தோஷத்தில் அன்றைக்கே குடும்பத்தோடு சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையேறக் கிளம்பிவிடாதீர்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கிளட்சும் பிரேக்கும் தேர்வு எழுத வேண்டும். பத்து நாள் ஊருக்குள் ஓட்டிய பிறகு போகலாம்.

கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால்

வாரக்கணக்கில் பொறுமையாகப் பார்த்தும் விடவில்லை என்றால், மேலும் முரட்டுத்தனம் செய்வதைவிட இறக்கிவிடுவதே மேல். இதில் பணம் போவது பாகத்துக்கு இல்லை, இறக்கி ஏற்றும் கூலிக்குத்தான். ஆகவே ஒருமுறை இறக்கினால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஷாஃப்டின் முனை உட்காரும் சின்ன புஷ், பின்பக்க ஆயில் கசிவு எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பிளைவீல் முகத்தில் துருக்குழி இருந்தால் லேத்தில் லேசாகச் சீவிக்கொள்ளலாம். லேத் பட்டறைக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமா? பொள்ளாச்சி - பழனி பாதையில் 1920-ல் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கிய ஜி.டி.நாயுடு காலத்திலிருந்தே இங்கே இயந்திரக் கைகளுக்குக் குறைவில்லை. அவர் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது. பழைய வண்டியைத் தொடும் முன் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்து வந்தால் உற்சாகம் வரும். புது பிளேட் கிடைக்காத மாடலுக்கு, பழைய பிளேட்டிலேயே புது லைனிங் வைத்து ரிவெட் அடித்துத் தருபவர்களும் உண்டு.

மெக்கானிக்கிடம் பேசும்போது சங்கடப்படாமல் கேளுங்கள்: "அண்ணா, ஃபோர்க் முழுசா நகருதுங்களா? பிளேட்டுதான் ஒட்டியிருக்குன்னு எப்படிப் பார்த்தீங்க?" வேலை தெரிந்தவர் காட்டித் தருவார். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லைனிங்கில் நிறைய கனம் மிச்சமிருந்தால் பத்திரப்படுத்தலாம், நாளைக்கு உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மெக்கானிக் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. கியர்பாக்ஸ் இறங்கியதும் உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதுவது நம் பட்டறைகளில் சாதாரணம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

ஆர்.சி. கணக்கையும் பாருங்கள்

காசு செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், அதன்பின் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு அதன்பிறகு இன்னும் கூடியிருக்கிறது. தாத்தா பெயரிலேயே ஆர்.சி. இருந்தால் வாரிசு மாற்றமும் சேரும்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 'விண்டேஜ்' வாகனமாகப் பதிந்து, 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கடைவீதிக்கு ஓட்ட ஆசைப்பட்டால் இது சரிவராது.

திரும்ப ஒட்டாமல் இருக்க

நீங்கள் மறுபடி பெங்களூர் போய்விடுவீர்கள், வண்டி மறுபடி நிற்கும். மாதம் ஒருமுறை யாராவது இருபது நிமிஷம் ஓட்டினால் போதும். ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஆஃப் செய்வது கணக்கில் வராது, கிளட்ச் மிதித்து கியர் மாறி ஓட வேண்டும். வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான் என்றால், ஓட்டத் தெரிந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சாவியையும், ஓட்டும் அளவுக்கு நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஓட்டவே ஆளில்லை என்றால் கழுவிய அன்று மூடி வைக்காதீர்கள், ஓட்டிக் காயவைத்து நிறுத்துங்கள். மண்தரை என்றால் கீழே தடிமனான பாலித்தீன் விரிப்பு, மேலே காற்றுப் போகும் துணி உறை. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை. கிளட்ச் பெடலுக்கும் அதே மரக்கட்டையைக் கொடுத்து அமுக்கி வைக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஸ்பிரிங் அப்படி அமுங்கி நிற்பதால் பெரிதாகத் தளர்வதில்லை. ஹைட்ராலிக் வண்டியில் மட்டும் ரப்பர்கள் மேல் அழுத்தம் தொடர்ந்து இருக்கும் என்பதால், ஆயில் கசிகிறதா என்று அவ்வப்போது யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். கட்டை கொடுத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்குச் சாவி போடப்போவது உங்கள் தம்பியாகக்கூட இருக்கலாம்.